இரவல் விரைவு: பெயர்த் தீர்வில் முன்செலுத்தல் பற்றிய சில மறுப்புரைகள்

கணினி வலையமைப்புகளைப் பராமரிப்போரிடையே ஒரு நம்பிக்கை ஏறத்தாழச் சமயக் கோட்பாட்டின் உறுதியோடு நிலைபெற்றுவிட்டது. நிறுவனமொன்றின் உள்ளகச் சேவையகம் பெயர்களுக்குரிய முகவரிகளைக் கண்டறிந்து கூறுவதிற் காலந்தாழ்த்துமாயின், அதற்கு வரும் வினாக்களையெல்லாம் உலகப் பெருஞ் சேவையகம் ஒன்றிற்கு அனுப்பிவிடுவதே பரிகாரம் என்பது அந்நம்பிக்கை. ஆய்வுகூடங்களில் ‘போர்வேடிங்’ என வழங்கும் இம்முறையை முன்செலுத்தல் எனலாம். கூகிள் நிறுவனம் 2009 டிசம்பரில் அறிமுகஞ் செய்த 8.8.8.8 என்னும் முகவரியோ, கிளவுட்பிளெயர் நிறுவனம் 2018 ஏப்பிரலில் அறிமுகஞ் செய்த 1.1.1.1 என்னும் முகவரியோ உரிய கட்டத்தில் இடப்பட்டதும் நோய் தீர்ந்துவிட்டதாகக் கருதப்படுகின்றது. மூத்த மாணவர் இளைய மாணவருக்குச் சொல்லிக் கொடுக்கும் முதல் மந்திரமும் பெரும்பாலும் இதுவே. மந்திரத்தின் பொருளைக் கேட்போரும் இல்லை, சொல்வோரும் இல்லை.

இந்நம்பிக்கை முழுப் பொய்யன்று. முழுப் பொய்யாக இருந்திருப்பின் அதனை மறுத்தல் எளிதாகியிருக்கும். அது சில சூழ்நிலைகளில் உண்மை. அச்சூழ்நிலைகளைக் கழற்றியெறிந்துவிட்டு எங்கும் எப்பொழுதும் உண்மை என நிறுத்தப்பட்டிருப்பதே அதன் குற்றம். உள்ளகச் சேவையகத்தின் விரைவு அதன் சொந்தப் பதுக்கு நினைவகத்திலேயே தங்கியுள்ளது. முன்செலுத்தல் தரும் விரைவோ இரவலானது. இரவல் சில வேளைகளிற் கைகொடுக்கும். ஆயின் அதற்கு வட்டி உண்டு என்பதும், அவ்வட்டியைச் செலுத்துபவர் பெரும்பாலும் அதனை அறியாமலே செலுத்துகின்றார் என்பதும் எடுத்துக்காட்டப்பட வேண்டியவை.

முதலில் இம்முறைமையின் தோற்றத்தை நோக்குதல் தகும். ஆர்ப்பாநெற் வலையமைப்பின் தொடக்க காலத்திற் கணினிகளின் பெயர்களும் முகவரிகளும் ஒரே கோவையில் எழுதப்பட்டிருந்தன. ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிறுவகத்தில் இயங்கிய வலையமைப்புத் தகவல் நிலையம் அக்கோவையைப் பேணியது. ஏனைய நிலையங்கள் அதன் பிரதியைப் பெற்று வைத்துக்கொண்டன. கணினிகள் பெருகப் பெருக, ஒரே இடத்தில் எல்லாப் பெயர்களையும் பேணுவதும் அதன் பிரதிகளை எங்கும் விநியோகிப்பதும் இயலாதனவாயின. இந்நெருக்கடிக்கு விடையாகத் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தகவல் விஞ்ஞான நிறுவகத்தைச் சேர்ந்த போல் மொக்கபெற்றிஸ் 1983ஆம் ஆண்டில் ஆள்களப் பெயர் முறைமையை முன்வைத்தார். 1987இல் வெளிவந்த 1034, 1035 ஆகிய எண்களையுடைய ஆர்.எஃப்.சி. ஆவணங்கள் அதற்கு இன்றுவரை அடிப்படையாக உள்ளன.

அம்முறைமை இரு தூண்களின்மீது எழுந்தது. பொறுப்பினைப் பகிர்ந்தளித்தல் ஒன்று. அறிந்த விடையைக் கேட்டவரின் அண்மையிலேயே சிறிது காலம் பேணி வைத்தல் மற்றொன்று. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பெயரை எடுத்துக்கொள்வோமாயின், பீ.டீ.என். என்பது ஏ.சீ. என்பதன்கீழும், அஃது எல்.கே. என்பதன்கீழும் அடங்கும். அப்பெயரை முன்பின் அறியாத சேவையகமொன்று முதலில் வேர்ச் சேவையகத்தை வினவும். ‘எல்.கே. என்பதற்குப் பொறுப்பானவர் இன்னார்; அவரிடம் கேட்க’ என விடை வரும். அங்குச் சென்றால் அடுத்த பொறுப்பாளர் சுட்டப்படுவார். இவ்வாறு படிப்படியாக இறங்கி, இறுதியில் அப்பெயருக்குரிய பொறுப்புச் சேவையகத்தை அடைந்து முகவரியைப் பெறும். அடைந்த விடையை மட்டுமன்றி, வழியில் அறிந்த பொறுப்பாளர் விபரங்களையும் அது தன் பதுக்கு நினைவகத்தில் இட்டுக்கொள்ளும். ஒவ்வொரு விடையும் தனக்குரிய ஆயுட்காலத்தைச் செக்கன்களிற் குறித்துக்கொண்டே வருகின்றது. அக்காலம் முடியும்வரை அதே வினாவுக்கு வெளியே செல்ல வேண்டியதில்லை.

முன்செலுத்தல் இந்நடையை நீக்கிவிடுகின்றது. உள்ளகச் சேவையகம் தான் தேடாது, வினாவை அப்படியே மேற்சேவையகம் ஒன்றிடம் ஒப்படைத்து, அது தரும் விடையை வாங்கிக் கேட்டவரிடம் கொடுக்கின்றது. இதன் நோக்கம் தொடக்கத்தில் யாதாக இருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. பேர்க்லி பல்கலைக்கழகத்திற் பிறந்த ‘பைன்ட்’ என்னும் மென்பொருளின் கைந்நூல் இரு பயன்களையே கூறுகின்றது: நிறுவனமொன்றின் சில சேவையகங்களிற் பெரிய பதுக்கு நினைவகமொன்றை உருவாக்கி வெளித்தொடர்பின் சுமையைக் குறைத்தல், இணையத்தோடு நேரடித் தொடர்பற்ற சேவையகங்களும் வெளிப்பெயர்களை அறியச் செய்தல். அஃதாவது, முன்செலுத்தலின் மேற்சேவையகம் நிறுவனத்தின் சொந்த வளவுக்குள்ளேயே இருத்தல் வேண்டும் என்பதே ஆதி எண்ணம். தன் வீட்டுப் பொதுக் களஞ்சியத்தை நிரப்புவதற்கெனத் தோன்றிய ஏற்பாடு, பிறர் களஞ்சிய வாயிலில் நிரையில் நிற்கும் பழக்கமாக மாறியமை பின்வந்த திரிபாகும்.

எதிர்த்தரப்பினரின் வாதம் வன்மையுடன் எடுத்துரைக்கப்படுதலே நேர்மையாகும். அவர்கள் கூறுவது இது: தானே தேடும் சேவையகம் ஒரு விடைக்காக மூன்று நான்கு முறை வெளியே சென்று வர வேண்டும். ஒவ்வொரு பயணத்திற்கும் 100 மில்லிசெக்கன் ஆகுமெனின் 300 அல்லது 400 மில்லிசெக்கன் கழிந்துவிடும். பெருஞ் சேவையகமோ கோடிக்கணக்கானோரின் வினாக்களைப் பெறுவது. கேட்கப்படும் பெயர் பெரும்பாலும் அதன் நினைவில் ஏற்கெனவே இருக்கும். அது 20 மில்லிசெக்கன் தொலைவில் இருப்பின், ஒரே பயணத்தில் 20 மில்லிசெக்கனில் விடை கிடைத்துவிடும். 400 எங்கே, 20 எங்கே?

இவ்வொப்பீடு கவர்ச்சியானது, எனினும் நடைமுறையில் அரிதாக நிகழும் ஒன்றை அன்றாட நிகழ்வாகக் காட்டுவது. ஊருக்குப் புதியவர் ஒருவர் வீடொன்றைத் தேடிவரும் முதல் நாளிற் சந்திக் கடையில் விசாரிப்பார். தபாற் கந்தோரில் விசாரிப்பார். ஒழுங்கை முகப்பில் மீண்டும் விசாரிப்பார். மறுநாளும் அவர் சந்திக் கடையிலிருந்தே தொடங்குவார் என எவரும் எண்ணுவதில்லை. பெயர்த் தீர்வும் அத்தகையதே. வேர்ச் சேவையகங்கள் வழங்கும் பொறுப்பாளர் விபரங்களின் ஆயுட்காலம் 172,800 செக்கன். அஃதாவது இரண்டு நாள். ‘கொம்’ எனவோ ‘எல்.கே.’ எனவோ முடியும் பெயரொன்று ஒருமுறை கேட்கப்பட்டபின், அவ்வீற்றுக்காக இரண்டு நாள்வரை வேரை அணுக வேண்டியதில்லை. ‘கொம்’ என்பதன்கீழ் உள்ள தனித்தனி ஆள்களங்களுக்கு அவ்வலயத்தின் சேவையகங்கள் வழங்கும் பொறுப்பாளர் விபரங்களும் அதேயளவு ஆயுளைக் கொண்டே வருகின்றன. எனவே ஓரிரு மணிநேரம் இயங்கிய உள்ளகச் சேவையகமொன்று பெரும்பாலும் நான்கு பயணங்களை மேற்கொள்வதில்லை. இறுதிப் பொறுப்பாளரிடம் நேரே சென்று ஒரே பயணத்தில் விடையுடன் திரும்புகின்றது. அந்நிலையில் ஒப்பிடப்பட வேண்டியவை நான்கு பயணமும் ஒரு பயணமும் அல்ல. ஒரு பயணமும் மற்றொரு பயணமுமே.

இவ்வுண்மை வெறும் ஊகமன்று. ஹரி பாலகிருஷ்ணன், றொபேட் மொறிஸ் ஆகியோர் உள்ளிட்ட மசசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவக ஆய்வாளர் நால்வர், தம் நிறுவகத்திலும் கொரிய உயர் விஞ்ஞான தொழினுட்ப நிறுவகத்திலும் பதிவான உண்மைப் போக்குவரத்தை ஆராய்ந்து 2001ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். முகவரிகளின் ஆயுட்காலத்தைச் சில நூறு செக்கன்களாகக் குறைத்தாலும் பதுக்கு நினைவகத்தின் பயன் பெரிதும் குன்றுவதில்லை என்றும், பத்து அல்லது இருபது பயனர்களுக்கு மேற்பட்டோர் ஒரே பதுக்கு நினைவகத்தைப் பகிர்வதால் மேலதிகப் பயன் சிறிதே என்றும் அவர்கள் கண்டனர். காரணம் தெளிவானது. பலரும் கேட்கும் பெயர்கள் சிலவே. அவை இருபது பேர் கொண்ட ஓர் அறையின் நினைவகத்திலேயே நிரம்பிவிடுகின்றன. ஏனையவை எவரோ எப்போதோ ஒருமுறை கேட்பவை. பொறுப்பாளர் விபரங்கள் நீண்டகாலம் நினைவில் நிற்பதே முறைமையைத் தாங்குகின்றது என்பதும் அவர்தம் முடிபு. அன்றிருந்ததைவிட இன்று முகவரிகளின் ஆயுட்காலம் குறுகியுள்ளது. ஓர் இணையப் பக்கம் கேட்கும் பெயர்களும் பெருகியுள்ளன. ஆதலின் அவ்வெண்களை அப்படியே இன்றைக்குப் பொருத்துதல் முறையன்று. ஆயினும் பெரிய களஞ்சியம் என்பதனாலேயே பெரும்பயன் விளையும் எனக் கருதுவோர், அதனை மெய்ப்பிக்கும் கடமையைத் தம்மீதே சுமந்துள்ளனர்.

வாதத்திற்காக ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். உள்ளகச் சேவையகமொன்றிற்கு 100 வினாக்கள் வருகின்றன. அவற்றுள் 80 அதன் சொந்த நினைவகத்திலேயே விடை காண்கின்றன எனக் கொள்வோம். இவற்றுக்கு ஒரு மில்லிசெக்கனும் ஆவதில்லை; முன்செலுத்தலுக்கும் இவற்றுக்கும் எத்தொடர்பும் இல்லை. எஞ்சிய 20 வினாக்களைச் சேவையகம் தானே தேடி, ஒவ்வொன்றுக்கும் 60 மில்லிசெக்கன் செலவிடுமாயின் மொத்தம் 1,200 மில்லிசெக்கன். இதற்கு மாறாக 20 மில்லிசெக்கன் தொலைவிலுள்ள மேற்சேவையகத்துக்கு அவற்றை அனுப்பினால், 15 வினாக்களுக்கு அதன் நினைவிலிருந்து விடை வரும் எனவும், 5 வினாக்களை அது தானும் தேட வேண்டியிருக்கும் எனவும் கொள்வோம். முதல் வகைக்கு 300. இரண்டாம் வகைக்குத் தேடும் நேரமும் சேர்ந்து 400. மொத்தம் 700 மில்லிசெக்கன். 100 வினாக்களுக்கும் பகிர்ந்தால் ஒரு வினாவுக்குச் சராசரி 12 மில்லிசெக்கனுக்குப் பதில் 7 மில்லிசெக்கன். முன்செலுத்தல் வென்றது உண்மை. வென்ற அளவு 5 மில்லிசெக்கன்.

அதே கணக்கில் மேற்சேவையகத்தை 50 மில்லிசெக்கன் தொலைவில் வைத்துப் பார்த்தல் வேண்டும். 15 வினாக்களுக்கு 750. எஞ்சிய ஐந்துக்கு 550. மொத்தம் 1,300 மில்லிசெக்கன். வெற்றி தோல்வியாகிவிட்டது. ஒளியிழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் செல்கின்றது. 1,000 கிலோமீற்றர் தூரம் போய்வரக் குறைந்தது 10 மில்லிசெக்கன் வேண்டும். கடலடி வடங்களின் வழியே பிற நாடுகளை அடையவேண்டிய தீவொன்றில் இத்தூரம் புறக்கணிக்கத்தக்கதன்று. பெருஞ் சேவையகங்களின் பிரதிகள் பல நாடுகளில் நிறுவப்பட்டுள்ளன என்பதும், அண்மையிற் பிரதி உள்ள இடத்திற் கணக்கு வேறாகும் என்பதும் மெய்யே. ஆயின் எந்தப் பிரதியை வினா சென்றடைகின்றது என்பதனை இணைப்பு வழங்கும் கம்பனியின் வழிப்படுத்தலே தீர்மானிக்கின்றது. அருகிற் பிரதி இருந்தும் தொலைவிலுள்ளதை வினா சென்றடைதலும் உண்டு. ஆகவே ‘விரைவானது எது?’ என்னும் வினாவுக்குப் பொதுவான விடை இல்லை. அளந்து பார்த்த இடத்திற்கு மட்டுமே விடை உண்டு. அளக்காமலே முகவரியை இடுவோர் தொழினுட்பத்தைப் பின்பற்றுவோர் அல்லர், வழக்கத்தைப் பின்பற்றுவோரே.

இக்கணக்கில் அகப்படாத இழப்புகளும் உள. பொறுப்புச் சேவையகத்திடம் நேரே பெற்ற விடை தன் முழு ஆயுளோடு வருகின்றது. மேற்சேவையகத்தின் நினைவிலிருந்து வரும் விடையோ, அங்கு ஏற்கெனவே கழிந்த காலம் நீங்கிய எஞ்சிய ஆயுளை மட்டுமே கொண்டது. 300 செக்கன் வாழவேண்டிய விடை, மேலே 200 செக்கன் இருந்துவிட்டு வந்தால், உள்ளகத்தில் 100 செக்கனே வாழும். அதனால் உள்ளகச் சேவையகம் அதே பெயருக்காக அடிக்கடி வெளியே செல்ல நேர்கின்றது. சிற்றாறுகளை மறித்து நிரப்பிய குளம் என எண்ணப்படும் மேற்சேவையகமும் உண்மையில் ஒரே குளமன்று. பல பொறிகளாகப் பிரிந்தியங்கும் அதில், ஒரு பொறி அறிந்ததை அடுத்த பொறி அறிந்திருக்கும் என்னும் உறுதியில்லை. இரண்டாம் முறை கேட்கும் வினா வேறொரு பொறியை அடைந்து மீண்டும் புதிதாகவே தேடப்படலாம்.

இதனினும் பெரிய இழப்பு பெயர் தீர்ந்தபின் நிகழ்வது. பெயரை அறிதல் பயணத்தின் தொடக்கமேயன்றி முடிவன்று. ஒளிப்படங்களையும் நிகழ்படங்களையும் பல நாடுகளிற் பிரதி செய்து வைத்திருக்கும் விநியோக நிறுவனங்கள் பல, வினவிய சேவையகத்தின் இருப்பிடத்தை நோக்கியே அண்மைப் பிரதியின் முகவரியைத் தெரிந்து கூறுகின்றன. வினா தொலைவிலுள்ள மேற்சேவையகத்திலிருந்து செல்லுமாயின், அந்நாட்டுக்கு அண்மையான பிரதியே விடையாக வரக்கூடும். இக்குறையை நீக்குதற்பொருட்டுப் பயனரின் முகவரியில் ஒரு பகுதியையும் வினாவுடன் அனுப்பும் முறை 2016இல் 7871ஆம் எண் ஆவணத்தில் விவரிக்கப்பட்டது. ஆயின் அது பயனரின் அந்தரங்கத்தைக் குறைக்கின்றது. அக்காரணத்தாற் கிளவுட்பிளெயர் நிறுவனம் தன் பொதுச் சேவையில் அதனைப் பயன்படுத்துவதில்லை. எனவே முன்செலுத்தலை மேற்கொள்வோர் அந்தரங்கத்தை இழக்க வேண்டும். அன்றேல் அண்மையை இழக்க நேரலாம். பெயரறிவதில் 5 மில்லிசெக்கனை மிச்சம் பிடித்துவிட்டு, பின்வரும் ஒவ்வொரு பொதிக்கும் 50 மில்லிசெக்கன் மேலதிகமாகச் செலவிடுவதைச் சிக்கனம் என்பார் உளரோ?

தாமதத்தின் உண்மைக் காரணங்கள் பெரும்பாலும் வேறிடத்திலேயே உள்ளன. பெயர்த் தீர்வு தாமதமாகின்றது என முறையிடுவோர் 10 மில்லிசெக்கன், 20 மில்லிசெக்கன் பற்றி முறையிடுவதில்லை. செக்கன்கள் பற்றியே முறையிடுகின்றனர். செக்கன் கணக்கான தாமதம் தூரத்தாற் பிறப்பதன்று. விடை வராமையாற் பிறப்பது. லினக்ஸ் கணினியொன்று, வேறு கட்டளை இடப்படாதவிடத்து, விடை தராத சேவையகத்துக்காக 5 செக்கன் காத்திருந்த பின்னரே அடுத்ததை நாடும். நிரலில் முதலாவதாக எழுதப்பட்ட சேவையகம் செத்துக் கிடப்பின், அதன்கீழ் எத்துணைச் சிறந்த சேவையகம் இருந்தாலும் ஒவ்வொரு வினாவும் அப்பிணத்தின் வாயிலிற் காத்துக் கிடந்தே செல்லும். முன்செலுத்தலைச் சங்கிலியாகத் தொடுப்போர் இவ்விடரைப் பெருக்குகின்றனர். மாணவனின் கணினி வழிப்படுத்தியைக் கேட்க, வழிப்படுத்தி துறைச் சேவையகத்தைக் கேட்க, துறைச் சேவையகம் மத்திய சேவையகத்தைக் கேட்க, அது கடல் கடந்த ஒன்றைக் கேட்கும் ஏற்பாட்டில், இடையில் ஒரு கண்ணி தளர்ந்தால் எக்கண்ணி தளர்ந்தது என அறிவதே பெரும்பாடாகிவிடும்.

உள்ளக முகவரிகள் படும் பாடும் குறிப்பிடத்தக்கது. 10 என்றோ 192.168 என்றோ தொடங்கும் முகவரிகள் நிறுவனத்தின் வளவுக்குள் மட்டுமே பொருளுடையவை. அவற்றுக்குரிய பெயரைப் பொது இணையத்திற் கேட்பது அயலூராரிடம் தன் வீட்டு அறைகளின் விபரம் கேட்பது போலாகும். இத்தகைய வலயங்களை உள்ளகத்திலேயே முடித்துவைக்குமாறு 2011இல் வெளிவந்த 6303ஆம் எண் ஆவணம் விதந்துரைத்தது. அவ்விதந்துரையைக் கைக்கொள்ளாது எல்லாவற்றையும் மேலே தள்ளிவிடும் இடங்களில், உள்நுழைபவரின் முகவரிக்குப் பெயர் கேட்குமாறு அமைக்கப்பட்ட சேவைகள் விடை வரும்வரை வாயிலை மூடி வைத்திருக்கின்றன. பயனர் கடவுச்சொல்லை இடுவதற்கே காத்திருக்க நேர்கின்றது. நோய் உள்ளக வலயம் இல்லாமை. இடப்படும் மருந்தோ இன்னொரு முன்செலுத்தல் முகவரி.

2025 ஜூலை 14ஆந் திகதி நிகழ்ந்தது இவ்விடத்து எண்ணிப் பார்க்கத்தக்கது. அன்று கிளவுட்பிளெயர் நிறுவனத்தின் உள்ளமைப்பில் நேர்ந்த பிழையொன்றினால் 1.1.1.1 என்னும் சேவை 62 நிமிடங்கள் உலகின் பெரும்பாகத்திற் கிட்டாமற் போயிற்று. அந்நிறுவனம் தவற்றைத் தானே வெளியிட்டு விளக்கியது. பிழை நேராத நிறுவனம் உலகில் இல்லை. ஆதலின் அதனைப் பழித்தற்கு இங்கு இடமில்லை. ஆயின் அம்முகவரியை மட்டுமே நம்பிய சேவையகங்களின் நிலை யாது? வேர்ச் சேவையகங்கள் இயங்கின. ஏனைய பொறுப்புச் சேவையகங்களும் தத்தம் இடத்தில் இருந்தன. தேடிச் செல்லும் ஆற்றலுடைய ‘பைன்ட்’, ‘அன்பவுண்ட்’ போன்ற மென்பொருள்கள் உள்ளகத்திலேயே நிறுவப்பட்டிருந்த இடங்களிலும், ‘முன்செலுத்தல் மட்டும்’ எனக் கட்டளை இடப்பட்டிருப்பின் அவை கைகட்டி வாளாவிருந்திருக்கும். ‘முதலில் முன்செலுத்தல், விடை வராவிடிற் சுயமாகத் தேடல்’ என்னும் கட்டளை இருந்திருப்பின், தாமதத்தோடாயினும் விடை கண்டிருக்கும். நடக்கத் தெரிந்த ஒருவன் தூக்கிச் செல்பவர் வராமையால் வீட்டிலேயே இருந்துவிட்டமை போன்றது இது.

விரைவின் பெயரால் எழுந்த இப்பழக்கத்தின் ஆழ்ந்த கேடு விரைவைப் பற்றியதே அன்று. ஒரே கோவையில், ஒரே நிலையத்தில், எல்லாப் பெயர்களும் குவிந்திருந்தமையே 1983இல் தீர்க்கப்பட்ட நோய். பொறுப்பு பல்லாயிரம் இடங்களுக்குப் பகிரப்பட்டது. இன்று பெயர்களின் பொறுப்பு பகிரப்பட்டபடியே இருக்க, வினாக்களோ மீண்டும் சில பெருங் கம்பனிகளின் வாயிலிற் குவிகின்றன. வினா என்பது அற்பமான பொருளன்று. எந்த மருத்துவப் பக்கம், எந்தப் பத்திரிகை, எந்த அரசியல் இயக்கம் என்பன நாடப்படுகின்றன என்பதை வினாக்களின் நிரலே காட்டிவிடும். தானே தேடும் சேவையகம், ஒவ்வொரு படியிலும் அப்படிக்கு வேண்டிய பகுதியை மட்டுமே வெளியிடும் முறையை 2016இல் வந்த 7816ஆம் எண் ஆவணம் வகுத்தது. வேர்ச் சேவையகத்திடம் ‘எல்.கே.’ என்று மட்டுமே கேட்டாற் போதும். முன்செலுத்தலில் முழுப்பெயரையும் ஒருவரிடமே ஒப்படைத்தாக வேண்டும். மேற்சேவையகத்துக்குச் செல்லும் வழியை மறைகுறியாக்கத்தாற் காக்க முடியும் என்பதும், தானே தேடும் சேவையகத்தின் வினாக்கள் பெரும்பாலும் வெளிப்படையாகவே செல்கின்றன என்பதும் எதிர்த்தரப்பின் வலுவான வாதங்களே. வழியிலுள்ள ஒற்றருக்கு அஞ்சுவோர்க்கு அது பொருந்தும். எனினும் வழியில் மறைக்கப்பட்டது முடிவிடத்தில் முழுமையாகத் திறக்கப்படுகின்றது என்பதை மறந்துவிடலாகாது.

முன்செலுத்தலை அடியோடு ஒழித்தல் வேண்டும் என்பது இவற்றின் கருத்தன்று. வெளித்தொடர்பு தடுக்கப்பட்ட துறைச் சேவையகமொன்று தன் பல்கலைக்கழகத்தின் மத்திய சேவையகத்துக்கு வினாக்களை முன்செலுத்துதல் முறையே; மத்திய சேவையகம் தானே தேடுவதாக இருத்தல் வேண்டும் என்பதே நிபந்தனை. இன்னொரு நிறுவனத்தின் உள்ளகப் பெயர்களை மட்டும் அந்நிறுவனத்தின் சேவையகத்துக்கு அனுப்பும் நிபந்தனை முன்செலுத்தலும் பயனுடையது. நினைவாற்றல் குறைந்த வீட்டு வழிப்படுத்திகளில் இயங்கும் ‘டிஎன்எஸ்மாஸ்க்’ போன்ற மென்பொருள் தானே தேடும் ஆற்றலற்றது. அங்கு முன்செலுத்தல் தவிர்க்கவியலாதது. மறுக்கப்படுவது, சிந்தனையின்றி, அளவையின்றி, எல்லாவிடத்தும் இடப்படும் முன்செலுத்தலே.

விரைவை உண்மையாகவே நாடுவோர்க்குச் சொந்த வழிகள் பல உள. ‘டிக்’ என்னும் சிறு கருவி ஒவ்வொரு வினாவுக்கும் ஆன நேரத்தை மில்லிசெக்கனிற் காட்டும். மாற்றத்துக்கு முன்னும் பின்னும், காலையிலும் மாலையிலும் அளந்து குறித்தல் முதற் பணியாகும். பதுக்கு நினைவகத்துக்குப் போதிய இடமளித்தல், அடிக்கடி கேட்கப்படும் விடைகளை ஆயுள் முடியுமுன்னரே புதுப்பித்தல், பொறுப்புச் சேவையகம் விடை தராத வேளையிற் காலங்கடந்த விடையைத் தற்காலிகமாக வழங்குதல் ஆகியன அடுத்தவை. இறுதியாகச் சொன்னது 2020இல் 8767ஆம் எண் ஆவணமாக வெளிவந்தது. வேர் வலயத்தின் பிரதியையே உள்ளகத்தில் வைத்துக்கொள்ளும் முறையை அதே ஆண்டின் 8806ஆம் எண் ஆவணம் விளக்குகின்றது. இவை யாவும் கட்டணமின்றிக் கிடைக்கும் மென்பொருளாற் செய்யத்தக்கவை. வேண்டுவது பணமன்று, ஒரு பிற்பகற் பொழுதும் அறியும் விருப்பமுமே.

அவ்வறியும் விருப்பமே இங்குப் பணயம் வைக்கப்பட்டுள்ளது. பல்கலைக்கழகத்தின் சேவையகம் வெறும் பயன்பொருளன்று. மாணவன் திறந்து பார்த்துக் கற்கவேண்டிய பாடநூலும் அதுவே. நான்கு எண்களை ஒரு கட்டத்தில் இட்டு அந்நூலை மூடிவிடும் மாணவன், 62 நிமிட மௌனம் வரும் நாளிற் செய்வதறியாது நிற்பான். வேரிலிருந்து படிப்படியாக இறங்கி ஒரு பெயரைத் தேடிப் பிடித்தவனோ, எந்தப் படியில் விடை நின்றது எனக் கண்டு சொல்வான். முன்னவனிடம் இருப்பது இரவல் விரைவு. அதனை வழங்கியவர் எந்நாளும் மீட்டுக்கொள்ளலாம். பின்னவன் கற்றதை எவரும் மீட்டுக்கொள்ள இயலாது.